கம்பெனி கார்: சின்ன டீசல், ஆட்டோ கியர், பின்னால் 200 கிலோ

எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. காரின் டிக்கியில் எப்போதும் பத்து எடைக்கல் இருக்கும், ஒவ்வொன்றும் 20 கிலோ வார்ப்பிரும்பு. அதோடு கருவிப்பெட்டி, கேபிள் சுருள், ஒரு மடக்கு ஏணி. ஆக, நான் தனியாகப் போனாலும் என் கார் பின்னால் மூன்று பேரை உட்கார வைத்துக்கொண்டு போகிற மாதிரிதான். இப்போது ஓட்டுவது கம்பெனி கொடுத்த ஐந்தாவது கார். ஐந்துமே 1.6 லிட்டரைத் தாண்டாத டீசல். முதல் இரண்டும் கையால் கியர் போடுவது. அடுத்த மூன்றும் ஆட்டோமேட்டிக், ஆனால் மூன்றும் மூன்று வகை. அதில் ஒன்றைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன்; தேர்ந்தெடுத்த பாவத்துக்கு நான்கு வருடம் ஓட்டினேன். சொந்தக் கார் பிடிக்கவில்லை என்றால் விற்றுத் தொலைக்கலாம். கம்பெனி கார் ஒப்பந்தம் முடிகிறவரை நம் தலையில்தான்.

இப்போது ஆபீசில் யாருக்குப் புதுக் கார் வந்தாலும் படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், டீசல் வேண்டுமா?

எல்லோரும் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் கேட்பது வேறு: ஒரு நாளைக்கு எத்தனை தடவை இன்ஜினை அணைப்பீர்கள்? ஒரே மூச்சில் நீங்கள் ஓட்டும் மிகப் பெரிய தூரம் எவ்வளவு, அது வாரத்தில் எத்தனை நாள்?

காரணம் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி. இன்றைய டீசல் காரின் பின்னால் கரும்புகை வராததற்கு அதுதான் காரணம். கரித்துகளை எல்லாம் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்ததை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். அதற்கு வாய்ப்பில்லாத வண்டியில், வடிகட்டி நிறைந்ததும் இன்ஜின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எரிக்கும். அதற்குப் பத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்கள் பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பம்.

இது நடக்கிறது என்று எந்த விளக்கும் பெரும்பாலும் சொல்லாது. கவனித்தால் தெரியும்: சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக நிமிடத்துக்கு 800 சுற்றில் இருக்கும் முள் 1,000 பக்கம் நிற்கும், நின்றதும் இன்ஜினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும் ரேடியேட்டர் விசிறி ஊளையிட்டுக்கொண்டே இருக்கும், டயர் பக்கம் குனிந்தால் சூடான உலோக வாசனை. இதைக் கண்டால் அணைக்காதீர்கள். இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்.

எங்கள் ஆபீசில் ஒருவர், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டம். டீசல் கார் வாங்கிக்கொண்டார். எட்டாவது மாதம் வடிகட்டி விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்க மறுத்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அவருக்கு மகிழ்ச்சி: "பார்த்தீர்களா, ஆயில் குடிக்கவே இல்லை!" வயதான மெக்கானிக் குச்சியை மூக்கருகே கொண்டுபோனார். "சார், ஆயில் குறைஞ்சா ஊத்திக்கலாம். ஏறுனாதான் பயப்படணும். இது பாதி டீசல்." முடிவடையாத ஒவ்வொரு எரிப்பிலும் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படி நீர்த்த ஆயில், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டுக்கு எமன்.

ஆகவே என் கணக்கு எளிது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து 70, 80-க்கு மேல் ஓடும் வழி உங்களுக்கு இருந்தால் டீசல். இல்லையென்றால் பெட்ரோலோ ஹைப்ரிடோ எடுங்கள். மேலே படிக்கவும் வேண்டாம்.

இன்ஜின்: குதிரைத் திறனைப் பார்க்காதீர்கள்

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத் திறன். அது 4,000 சுற்றில் கிடைப்பது. ஆட்டோமேட்டிக் டீசலை நீங்கள் நாள் முழுவதும் ஓட்டப்போவது 1,300-க்கும் 2,500-க்கும் நடுவில். அங்கே வேலை செய்வது டார்க் என்கிற முறுக்கு விசை. அது எந்தச் சுற்றில் தொடங்கி எதுவரை நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

சில எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபியட் உருவாக்கி, ஓப்பல், சுசுகி என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடிய 1,248 சிசி இன்ஜின், 75 குதிரைத் திறன் வடிவத்தில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. ஃபோக்ஸ்வாகனின் 1.6 டீசல், 105 குதிரையில் 250, அது 1,500-லிருந்து 2,500 வரை. ஹூண்டாயின் 1,493 சிசி டீசலும் அதே 250, 1,500-லிருந்து 2,750 வரை. பெஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வரும் 1.5 டீசல், 130 குதிரையில் 300, ஆனால் உச்சம் 1,750-இல்.

இதில் 1,500-க்கும் 1,750-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எரிபொருளை மிச்சம் பிடிக்க எப்போதும் மேல் கியருக்கே ஓடும். 70 கிலோமீட்டர் வேகத்தில் 1,400 சுற்றில் கொண்டுபோய் நிறுத்தும். முன்னால் ஒரு சின்ன ஏற்றம். முறுக்கு விசை சீக்கிரம் வரும் இன்ஜின் முனகாமல் ஏறிவிடும். தாமதமாக வருவது தடுமாறும், பெட்டி ஒரு கியர் கீழே இறக்கும், ஏறியதும் மேலே போடும், மறுபடி இறக்கும். பின்னால் 200 கிலோ இருந்தால் இந்த ஆட்டம் முடிவே இல்லாமல் நடக்கும். சுமை இல்லாமல் ஓட்டுகிறவருக்கு 1.3 போதும், என் மாதிரி ஆளுக்கு 1.5-க்குக் கீழே வேண்டாம் என்பேன். 1.6-க்கு மேலே போக வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

ஒரே இன்ஜினை இரண்டு திறனில் விற்கும்போது சும்மா கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றி விற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். சில நேரம் அப்படித்தான். சில நேரம் டர்போவே வேறு. மேலே சொன்ன 1,248 சிசி இன்ஜினில், 75 குதிரைக்குச் சாதாரண டர்போ, 90 குதிரைக்குச் சிறகுகள் திரும்பும் வகை டர்போ. இரண்டாவதை ஓட்டிய பிறகு முதலாவதில் உட்கார மனம் வராது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? ஒப்பந்தம் மூன்று நான்கு வருடம்தான் என்றால் கவலைப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். வருடத்துக்கு 40,000 ஓட்டினால் நான்கு வருடத்தில் 1,60,000. பெல்ட் மாற்றும் தவணை உங்கள் காலத்திலேயே வந்துவிடலாம், அன்றைக்குக் கார் ஒர்க்‌ஷாப்பில், நீங்கள் பேருந்தில். எடைக்கல்லோடு.

ஆட்ப்ளூ பற்றி ஒரு வார்த்தை. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமாராக ஒரு லிட்டர் போகும். தீர்ந்துபோய் அணைத்துவிட்டால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதற்கு நிறைய முன்னாலேயே இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று திரை எண்ணத் தொடங்கும். அதன் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருந்தால் நிம்மதி. டிக்கியின் தரைக்கு அடியில் இருந்தால், நான் பத்து எடைக்கல்லையும் இறக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அப்புறம், டீசல் தொட்டியில் ஆட்ப்ளூவை ஊற்றிவிட்டால், சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கியர்பாக்ஸ்: தப்பு நடக்கும் இடம்

படிவத்தில் "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே கட்டம்தான் இருக்கும். அதற்குள் நான்கு தனித்தனிப் பிறவிகள் ஒளிந்திருக்கின்றன. நான் விழுந்த குழி இதுதான்.

என் மூன்றாவது கார் ஒற்றைக் கிளட்ச் வகை. மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் ஒரு சின்ன மோட்டார் செய்யும். ஏஎம்டி என்று பரவலாகச் சொல்வார்கள். விலை குறைவு, எடை குறைவு, மைலேஜ் மேனுவலுக்குச் சமம். அட்டவணையில் இருந்ததிலேயே குறைந்த புகை அளவு அதற்குத்தான். நான் அட்டவணையைப் பார்த்து டிக் அடித்தவன்.

லாரிகளை நிறுத்தும் எடை மேடைக்கு ஏறிப்போக முன்னால் ஒரு சரிவு இருக்கும். ஒரு நாள் மேடையில் லாரி நிற்கிறது, நான் சரிவின் நடுவில் காத்திருக்கிறேன். லாரி நகர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் முன்னால் போகவில்லை, பின்னால் உருண்டது. ஒரு அடி, ஒன்றரை அடி. எனக்குப் பின்னால் இன்னொரு லாரியின் பம்பர். ஆக்சிலேட்டரை அழுத்தினேன், அரை நொடி ஒன்றும் இல்லை, பிறகு கிளட்ச் ஒரேயடியாகப் பிடித்து, டிக்கியில் எடைக்கற்கள் எல்லாம் டிக்கிக் கதவில் மோதின. மேடை மேல் ஏறி நின்றபோது கிளட்ச் கருகின வாசனை. எடை மேடை அறையிலிருந்த பையன் எட்டிப் பார்த்து, "சார், புதுசா ஓட்டக் கத்துக்கிறீங்களா?" என்றான்.

அந்த வகையைக் குறை சொல்லவில்லை. அதை மேனுவல் மாதிரி ஓட்டத் தெரிய வேண்டும்: கியர் மாறப்போகும் நொடியில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் தலையாட்டல் பாதி குறையும், சரிவில் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சரிவில் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தால் என் கதை நடந்திருக்காது. ஆனால் வருடத்துக்கு 40,000 கிலோமீட்டர் சுமையோடு ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம்.

நான்காவது கார் இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். மாறுவதே தெரியாது. நெடுஞ்சாலையில் இதற்கு ஈடு இல்லை. இதிலும் இரண்டு சாதி: கிளட்ச் உலர்ந்தே இருப்பது, கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பது. சின்ன இன்ஜினுக்குப் பெரும்பாலும் உலர் வகையைத்தான் கொடுப்பார்கள், அது லேசானது, மலிவானது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிக்கொண்டிருக்கும், சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. என்னுடையது 70,000 தாண்டியதும் முதல் கியரில் கிளம்பும்போது ஒரு நடுக்கம் கொடுக்க ஆரம்பித்தது, டம்ளரில் இருக்கும் தண்ணீர் வட்டம் போடுமே, அந்த அளவு.

இங்கே ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: இந்தப் பெட்டி எத்தனை நியூட்டன் மீட்டருக்குச் செய்தது? ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஜி என்ற ஒரே பெயரில், ஏழு கியர் உலர் வகை 250-க்கும், ஆறு கியர் எண்ணெய் வகை 350-க்கும் வடிவமைக்கப்பட்டவை. கியர் கூடுதலாக இருப்பது பலமானது என்று நினைத்தால் இங்கே தலைகீழ். 250 கொடுக்கும் இன்ஜினை 250-க்கான பெட்டியோடு பூட்டினால், கணக்குப்படி சரிதான். 100 கிலோ தராசில் தினமும் சரியாக 100 கிலோவே நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தராசு உடையாது. ஆனால் அந்தத் தராசுக்குத்தான் என்னை அடிக்கடி கூப்பிடுகிறார்கள்.

இப்போது ஓட்டுவது டார்க் கன்வெர்ட்டர், பழைய வழி ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் கிளட்ச் உரசுவதற்குப் பதில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்தும். கிளம்பும் நொடியில் இன்ஜினின் முறுக்கை இரண்டு மடங்கு வரை கூட்டியும் கொடுக்கும். சுமையோடு சரிவில் கிளம்புகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? டீசல் அதிகம் குடிக்கும், மந்தமாக இருக்கும் என்ற பேச்செல்லாம் நான்கு கியர் காலத்தது. இன்றைய ஆறு, எட்டு கியர் பெட்டிகளில் கிளம்பிய சில நொடியில் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் நழுவல் இல்லை.

நான்காவது பிறவி, கியர் படிகளே இல்லாமல் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும் சிவிடி. சின்ன டீசலோடு அது சேர்ந்து வருவது அபூர்வம். விட்டுவிடலாம்.

பெயரில் ஏமாறாமல் இருக்க: பெஜோ, சிட்ரோயனில் ஈடிஜி என்றால் ஒற்றைக் கிளட்ச், ஈஏடி என்றால் டார்க் கன்வெர்ட்டர். ஓரிரு எழுத்தில் வாழ்க்கை மாறுகிறது. ரெனோவில் ஈசி-ஆர் ஒற்றைக் கிளட்ச், ஈடிசி இரட்டைக் கிளட்ச். விற்பனையாளரிடம் "இது ஆட்டோமேட்டிக்தானே?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான் பதில். "கிளட்ச் எத்தனை? உலர்ந்ததா, எண்ணெயிலா?" என்று கேளுங்கள். அவர் உள்ளே போய் யாரையாவது கேட்டு வருவார். வரட்டும்.

ஓட்டிப் பார்ப்பது

டெஸ்ட் டிரைவுக்கு நான் நான்கு எடைக்கல்லோடு போவேன். ஷோரூம் பையன் முகம் மாறும். டிக்கியில் பழைய போர்வையை விரித்துவிட்டு வைத்தால் சமாதானமாகிவிடுவான். உங்களிடம் எடைக்கல் இல்லையென்றால் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டியை முன்னாலேயே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் ஐந்து நிமிடம்தான் கியர்பாக்ஸின் உண்மையான குணம். பிறகு நெரிசலைத் தேடிப் போங்கள். அவர்கள் காலியான புறவழிச்சாலைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அங்கே எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். பிரேக்கை மெதுவாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் நடக்கிற வேகத்தில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். நடுக்கம், இழுப்பு, டொக் என்ற சத்தம், எல்லாம் அங்கே வரும்.

அடுத்து ஒரு சரிவில், ரிவர்ஸில், மேல்நோக்கி. கிளட்ச் வைத்த பெட்டிகளுக்கு இதுதான் கடுமையான பரீட்சை. ஒரு கார் அளவு தூரத்தை மெதுவாக, நூல் பிடித்தமாதிரி ஏற முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ரவுண்டானாவுக்கு வரும்போது: வேகத்தைக் குறைத்து, நிற்கப் போகிற நேரத்தில் இடைவெளி கிடைத்து மறுபடி அழுத்துவோமே, அந்த நொடி. பெட்டி இரண்டிலா மூன்றிலா என்று யோசிக்கும். அந்த யோசனை எவ்வளவு நீளம் என்று மனதுக்குள் எண்ணுங்கள். "ஒன்று" சொல்லி முடிப்பதற்குள் கிளம்பினால் சரி. குறுக்கே ஒரு லாரி வரும்போது இரண்டு வரை எண்ண நேரம் இருக்காது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

மைலேஜுக்குக் கம்பெனி போடும் எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அது உதவும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் போகும் காருக்கும் 16 போகும் காருக்கும், வருடம் 40,000 ஓட்டினால் 500 லிட்டர் வித்தியாசம். எரிபொருள் உங்கள் கையிலிருந்து போகிறதென்றால் இது பெரிசு. பல நாடுகளில் கம்பெனி காருக்கான வரி கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துத்தான். அதே இன்ஜினுக்கு மேனுவலில் ஒரு எண், ஆட்டோமேட்டிக்கில் வேறு எண், சக்கரம் ஒரு அங்குலம் பெரிதானால் இன்னொரு எண். உங்கள் காருக்கான வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் ஒப்பந்தத்தில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது இருக்கிறதா? "ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தால், யாருடைய ஆயுள் என்று கேட்பது என் வழக்கம். எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்சுக்கு 60,000 கிலோமீட்டர் ஒரு வழக்கமான தவணை. டார்க் கன்வெர்ட்டருக்கும் ஒரு லட்சத்துக்குள் ஒருமுறை மாற்றச் சொல்வேன்.

சுமை தாங்கும் அளவு. டீசல் இன்ஜினும் ஆட்டோ பெட்டியும் காரின் சொந்த எடையைக் கூட்டும், அந்த அளவுக்கு நாம் ஏற்றக்கூடியது குறையும். கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். எனக்கு வசதி, எந்தப் புதுக் காரையும் முதல் வாரத்திலேயே எடை மேடையில் ஏற்றிவிடுவேன். மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், இருந்தாலும் போதும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று சேர்த்த காரில், தாளில் போட்டிருந்ததைவிட 60 கிலோ கூட இருந்தது. மூன்று எடைக்கல். ஸ்டெப்னி சக்கரம் இருக்கிறதா, இல்லை காற்றடிக்கும் டப்பா மட்டும்தானா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கார் கைக்கு வருகிற அன்று. எல்லோரும் வெளியே கீறல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள். எடுங்கள். கூடவே பானெட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றும் ஒரு படம். ஆறு மாதம் கழித்து அதே குச்சியை மறுபடி உருவும்போது, ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் படம் வேண்டும்.